நிரலும் பெயரும்: இணையதள மேலாண்மை மென்பொருள்களின் வரலாற்றில் ஒரு கூறு

மூலம் என்னும் சொல்லைத் தமிழ்ப் புலவர் நெடுங்காலமாக இரு பொருளில் வழங்கி வருகின்றனர். உரையின் வேறாகிய பாட்டையோ நூற்பாவையோ குறிப்பது ஒன்று. படிகள் பலவற்றிற்கும் பிறப்பிடமாகிய முதலேட்டைக் குறிப்பது மற்றொன்று. அண்மைக் காலத்தில் இச்சொல் மூன்றாவதொரு பொருளையும் ஏற்றுள்ளது. கணினியை இயக்குதற்பொருட்டு எழுதப்படும் நிரலும் மூலம் எனப்படுகின்றது. அந்நிரலை யாவரும் காணவும் திருத்தவும் படியெடுத்து வழங்கவும் இசைவு தந்து வெளியிடப்பெற்ற மென்பொருள், திறந்த மூல மென்பொருள் எனப்படுகின்றது. அவ்வகையுள், இணையதளங்களை நடத்துதற்கு உதவும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் ஒரு தனி இனம். அவற்றின் வரலாறு கணினி வல்லுநர்க்கே உரியதென்று நம்மவருட் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். ஆயின், ஒரு மூலம் எவ்வாறு கைம்மாறுகின்றது, எவ்வாறு கிளைக்கின்றது, அதன் பெயர் யாரிடம் தங்குகின்றது என்னும் வினாக்கள் பாட ஆராய்ச்சியிற் பழகினார்க்கு அயலானவை அல்ல. ஈண்டு யாம் ஆராயப் புகுவது அவற்றுள் இறுதி வினாவையே: மூலம் யாவர்க்கும் பொதுவாயிருக்க, அதன் பெயர் ஒருவர்க்கே உரியதாயின் என்ன நேரும்?

இம்மென்பொருள்கள் செய்யும் தொழிலை முதற்கண் அறிதல் வேண்டும். 1990ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் இணையப் பக்கம் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பாகக் கையால் எழுதப்பட்டது. நூறு பக்கங்களைக் கொண்ட ஒரு தளத்தின் தலைப்பில் ஒரு சொல்லை மாற்ற விரும்பின், நூறு கோப்புகளையும் திறந்து திருத்த வேண்டியிருந்தது. ஒரு கோப்பு விடுபட்டால் பிழை நின்றுவிடும். ஏடெழுதுவோர் பிழை போன்றதே அதுவும். உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் இவ்வேலையை மூன்றாகப் பகுத்தது. எழுதப்படும் செய்தி ஒரு தரவுத்தளத்தில் வைக்கப்படுகின்றது. பக்கத்தின் தோற்றம் வார்ப்புரு என்னும் வேறு கோப்பில் அமைகின்றது. படிப்பவர் ஒருவர் பக்கத்தை வேண்டிய நொடியில், நிரலானது தரவுத்தளத்திலிருந்து செய்தியை எடுத்து வார்ப்புருவில் அமைத்து அனுப்புகின்றது. ஆகவே, எழுதுவோர் நிரல் அறிய வேண்டுவதில்லை. தோற்றம் அமைப்போர் செய்தியைத் தொட வேண்டுவதில்லை. ஆசிரியர் ஒருவரோ ஊர்ச் சங்கத்தின் செயலர் ஒருவரோ தாமே ஒரு தளத்தை நடத்தலாம் என்னும் நிலை இப்பகுப்பினாலேயே உண்டாயிற்று.

இதற்கு வேண்டிய கருவிகள் யாவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியமை வியப்பிற்குரியது. 1991இல் லினக்சு தோன்றிற்று. 1995இல் பக்கங்களை வழங்கும் அப்பாச்சியும், தரவுத்தளமாகிய மைஎசுகியூஎல்லும், இராசுமசு இலெர்டார்பு என்பார் ஆக்கிய பிஎச்பி என்னும் நிரல்மொழியும் வெளிவந்தன. இவற்றைப் பெறுதற்குப் பொருட்செலவு இல்லை. பெருநிறுவனங்கள் மிகுந்த விலைக்கு விற்ற மேலாண்மை மென்பொருள்களுக்கு மாற்றாக மாணவரும் சிறு நிறுவனத்தாரும் தாமே ஆக்கத் தொடங்கியது இந்நான்கனையும் அடித்தளமாகக் கொண்டேயாகும்.

கருவிகள் இருந்தன; எனினும் உரிமம் இன்றேல் இவ்வரலாறு நிகழ்ந்திராது. அமெரிக்க அறிஞர் இரிச்சர்டு இசுடால்மன் 1983இல் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் பொதுமக்கள் உரிமம் என்னும் ஆவணத்தின் முதற்பதிப்பையும், 1991இல் இரண்டாம் பதிப்பையும் வெளியிட்டார். பதிப்புரிமைச் சட்டத்தை ஒழிக்காமல் அதனையே கருவியாகக் கொண்டு அதன் நோக்கத்தைத் தலைகீழாக்கியது இவ்வுரிமத்தின் நுட்பம். நிரலை எவரும் இயக்கலாம், கற்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். ஆயின் வழங்குவோர், தாம் பெற்ற அதே உரிமைகளைப் பெறுவோர்க்கும் தருதல் வேண்டும். பொதுவாக விடப்பட்ட நிரலை ஒருவர் தம் வேலிக்குள் இட்டு அடைத்தற்கு இதனால் வழியில்லாமற் போயிற்று. திறந்த மூலம் என்னும் தொடர் 1998இல்தான் பிறந்தது. கிறிசுடின் பீட்டர்சன் என்னும் அம்மையார் அதனை முன்மொழிந்தார். இசுடால்மன் இத்தொடரை ஏற்கவில்லை; உரிமை என்னும் கருத்தை அது மறைத்துவிடுகின்றது என்பது அவர்தம் கொள்கை. சொல்லாராய்ச்சியாளராகிய யாம் அவர் பக்கமே சாய்கின்றோம். எனினும் வழக்கில் வென்றது மற்றைய தொடரே.

இவ்வுரிமத்தில் ஒரு பொருள் விடுபட்டிருத்தலை ஈண்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும். 1991ஆம் ஆண்டுப் பதிப்பு நிரலைப் பற்றிப் பேசுகின்றது. நிரலின் பெயரைப் பற்றி யாதும் பேசவில்லை. பெயர் வணிகக்குறிச் சட்டத்தின்பாற் பட்டது. அச்சட்டம் வேறு, பதிப்புரிமைச் சட்டம் வேறு. இவ்விடுபாடு அக்காலத்தில் எவர்க்கும் குறையாகத் தோன்றவில்லை போலும்.

பெயர் எத்துணை எளிதாகப் பிறக்கும் என்பதற்கு துரூபல் என்னும் மென்பொருள் நல்லதொரு சான்று. பெல்சிய நாட்டு ஆண்டுவர்ப்புப் பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டளவில் பயின்ற திரீசு பைடார்ட்டு, விடுதி நண்பர் சிலர் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளுதற்கு ஒரு சிறு நிரலை எழுதினார். பின்னர் அதனை இணையத்தில் இட விரும்பி, டச்சு மொழியில் சிற்றூரைக் குறிக்கும் தோர்ப்பு என்னும் சொல்லை முகவரியாகத் தட்டச்சிடப் புகுந்தவர் எழுத்துகளை முன்பின்னாக இட்டு, ஆங்கிலத்தில் துளியைக் குறிக்கும் துராப்பு என்று அடித்துவிட்டார். அப்பிழையே நன்றாயிருக்கின்றதென்று அம்முகவரியைப் பெற்றுக்கொண்டார். 2001 ஜனவரியில் நிரலை யாவர்க்கும் திறந்துவிட்டபொழுது, துளிக்குரிய டச்சுச் சொல்லாகிய துருப்பெல் என்பதன் ஒலியைத் தழுவித் துரூபல் எனப் பெயரிட்டார். எழுத்துநிலை மாற்றத்தால் ஒரு சொல் வேறொரு சொல்லாகித் தனக்கென ஒரு வழி வகுத்துக்கொண்டமைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதின்று.

இனி, எம் வினாவிற்கு நேரே விடைதரும் நிகழ்ச்சிக்கு வருவோம். ஆசுத்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து மிரோ என்னும் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் இத்தகைய மென்பொருள் ஒன்றை ஆக்கத் தொடங்கி, 2001இல் அதனைப் பொதுமக்கள் உரிமத்தின்கீழ் வெளியிட்டது. அதன் பெயர் மாம்போ. நிறுவனத்திற்குப் புறம்பான நிரலாளர் பலர், பல நாடுகளிலிருந்து, ஊதியமின்றி அதனைத் திருத்தியும் பெருக்கியும் வந்தனர். நான்கு ஆண்டுகளில் மாம்போ உலகெங்கும் பரவிற்று, பரிசுகளும் பெற்றது. நிரலின் பெரும்பகுதி தொண்டரால் எழுதப்பட்டதாயிருக்க, மாம்போ என்னும் பெயர் மட்டும் மிரோ நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தது. மென்பொருள் சிறியதாயிருந்தவரை இவ்வேறுபாடு ஒருவர் கண்ணிலும் படவில்லை.

2005ஆம் ஆண்டில் மாம்போ அறக்கட்டளை என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. தொண்டர்க்கும் நிறுவனத்திற்கும் இடையே நடுநிலையாய் நிற்கும் ஓர் அமைப்பு வேண்டும் என்பது இரு திறத்தார்க்கும் முன்பே உடன்பாடான கருத்துத்தான். ஆயின், அமைந்த அறக்கட்டளையின் ஆட்சியில் தமக்கு உரிய இடம் இல்லையென்றும், திறந்த மூல நெறிக்கு முன்னர்த் தரப்பட்ட உறுதிகளுக்கு அவ்வமைப்பு மாறுபட்டதென்றும் தலைமை நிரலாளர் கருதினர். ஆகஸ்டு 17ஆம் நாள் அவர்கள் ஒருங்கே விலகினர். அவர்கட்கு முதல்வராய் நின்றவர் ஆண்ட்ரு எடீ. தனியராய் மனம் வெறுத்துச் சென்றாரல்லர். கட்டற்ற மென்பொருள் சட்ட நடுவத்தின் அறிவுரை பெற்று, இலாப நோக்கமற்ற ஓர் அமைப்பைத் தமக்கென நிறுவிக்கொண்டு, பயனாளர்க்கு வெளிப்படையான கடிதமும் வரைந்தனர்.

அவ்வேளையில் இரு திறத்தாரிடமும் இருந்தவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நிறுவனத்திடம் பெயர் இருந்தது; அப்பெயரால் அமைந்த இணைய முகவரி இருந்தது; பல ஆண்டுகளாகச் சேர்ந்த புகழும் அப்பெயரோடு ஒட்டி நின்றது. விலகினாரிடம் இருந்தது நிரலின் ஒரு படி மட்டுமே. ஆயின் அப்படி, எழுத்துக்கு எழுத்து நிறுவனத்திடம் இருந்த படியேயாகும். அதனைத் திருத்தி வெளியிடும் உரிமையும் நிறுவனத்தார்க்கு உள்ள அளவே விலகினார்க்கும் இருந்தது. எடுத்துச் செல்ல இயலாதது பெயர் ஒன்றே.

ஆகவே அவர்கள் செய்ய வேண்டிய முதற்பணி நிரல் எழுதுவதன்று, பெயர் தேடுவதாயிற்று. விலகிய ஏறத்தாழ இரு வாரங்களில், செப்டம்பர் முதல் நாளன்று, ஜூம்லா என்னும் புதிய பெயர் அறிவிக்கப்பட்டது. எல்லாரும் ஒருங்கே, முழுமையாக என்னும் பொருள்தரும் சுவாகிலிச் சொல் அது. அரபு மொழியிற் பிறந்து கிழக்கு ஆப்பிரிக்காவிற்கும் உருது, இந்தி மொழிகட்கும் சென்று வழங்குவது. ஆசுத்திரேலியாவிற் பிறந்து, பல நாட்டார் கைப்பட்டு வளர்ந்த ஒரு நிரலுக்கு இப்பெயர் பொருந்துவதே. அம்மாதத்திலேயே ஜூம்லாவின் முதற்பதிப்பும் வெளிவந்தது. பதிப்பெண் 1.0 என்று இடப்பட்டிருந்ததாயினும், உள்ளே இருந்தது மாம்போ 4.5.2.3ஆம் பதிப்பே, பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைதிருத்தங்களும் சில சேர்ந்திருந்தன, பெயர் மாறியிருந்தது, அவ்வளவே. ஒரு நூலின் பதிப்புகளை எண்ணுங்கால் நாம் மூலத்தை எண்ணுகின்றோமா, பெயரை எண்ணுகின்றோமா என்னும் ஐயத்திற்கு இஃதோர் இடம். மூலம் நான்கில் நிற்க, எண் ஒன்றிலிருந்து தொடங்கிற்று. எண்ணிக்கை மூலத்தைத் தொடராமல் பெயரைத் தொடர்ந்தது. பிற்காலத்தில் இவ்விரு மென்பொருள்களின் பதிப்பெண்களை மட்டும் ஒப்பிட்டு, ஜூம்லாவை முதிராத இளநூலென்று ஒருவர் எழுதுவாராயின் அவர் வழுக்கியவராவர்.

பின் நிகழ்ந்தது விரைவிற் கூறத்தக்கது. பயனாளர் பெருந்தொகையினர் ஜூம்லாவிற்கு மாறினர். தரவுத்தளத்தின் அமைப்பு இரண்டிற்கும் ஒன்றேயாதலின், மாறுதல் கடினமாயிருக்கவில்லை. துணைநிரல்கள் எழுதியவர்களும் உடன் சென்றனர். மாம்போவை வேறு சிலர் சில ஆண்டுகள் காத்தனர். 2008ஆம் ஆண்டிற்குப் பின் குறிப்பிடத்தக்க பதிப்பு வெளிவரவில்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே ஜூம்லா 1.5 வெளிவந்து, பழைய நிரலின் கட்டமைப்பைப் பெரிதும் மாற்றிவிட்டது. 2021இல் நான்காம் பதிப்பும் 2023இல் ஐந்தாம் பதிப்பும் வெளிவந்துள்ளன.

இந்நிகழ்ச்சியை அறத்தின் வெற்றியெனப் பாராட்டுவார் உளர். யாம் அத்துணை எளிதாக அம்முடிபிற்கு வர விரும்பவில்லை. மிரோ நிறுவனத்தார் முதலில் அந்நிரலை ஆக்கித் தம் செலவில் வெளியிட்டிராவிடின் தொண்டர்க்குத் திருத்த ஒரு நூலே இருந்திராது. பெயர் அவர்களுடையது என்பதும் சட்டத்தால் மறுக்க முடியாதது. வென்றது அறமோ அன்றோ, ஒன்று தெளிவு: பயனாளர் பெயரைத் தொடர்ந்து செல்லவில்லை, நூலைத் திருத்தவல்லார் எங்குச் சென்றனரோ ஆங்குச் சென்றனர்.

மாம்போவின் வரலாறு பூசலாற் கிளைத்தது. மௌனத்தாற் கிளைத்த வரலாறும் ஒன்று உண்டு. பிரான்சு நாட்டினராகிய மிசேல் வால்திரீகி 2001இல் நாட்குறிப்பு முறையில் எழுதுவோர்க்கென பிடூ என்னும் நிரலை ஆக்கிப் பொதுமக்கள் உரிமத்தின்கீழ் விடுத்தார். 2002ஆம் ஆண்டின் இறுதியளவில் திருத்தங்கள் வருதல் நின்றது. ஆசிரியரிடமிருந்து செய்தியும் இல்லை. அதனைப் பயன்படுத்தி வந்தவர் மேட்டு மல்லன்வெக்கு என்னும் பத்தொன்பது வயது இளைஞர். அமெரிக்காவில் இயூசுடன் நகரத்தவர். 2003 ஜனவரியில் அவர் தம் குறிப்பேட்டில் இக்கவலையை எழுதி, உரிமம் இடந்தருவதால் இந்நிரலைத் தாமே எடுத்துத் தொடரலாமா என்று வினவினார். இங்கிலாந்தின் இசுடாக்போர்ட்டிலிருந்து மைக்கு இலிட்டில் என்பார் தாமும் உடன்வருவதாக விடையிறுத்தார். அவ்வாண்டு மே 27ஆம் நாள் வேர்டுபிரசு 0.7ஆம் பதிப்பு வெளிவந்தது. பெயரைத் தந்தவர் கிறிசுடின் செல்லெக்கு திரெமூலே என்னும் தோழியார்.

ஈண்டுப் பாட ஆராய்ச்சியாளர்க்குச் சுவை பயக்கும் செய்தி ஒன்று உளது. பிடூவிலிருந்து கிளைத்தது வேர்டுபிரசு ஒன்றன்று. பிடூ எவல்யூசன் என்பது ஒன்று. அயர்லாந்தவர் ஒருவர் ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்துமாறு அமைத்த கிளை மற்றொன்று. மீண்டும் வெளிப்பட்ட வால்திரீகி, வேர்டுபிரசையே தம் நூலின் வழித்தோன்றலென ஒப்புக்கொண்டார். பல தளக் கிளையோ வேர்டுபிரசு எம்யூ எனப் பெயர் மாறி, 2010 ஜூனில் வெளிவந்த 3.0ஆம் பதிப்பில் வேர்டுபிரசோடு கலந்துவிட்டது. கிளைகள் பிரிந்தே செல்லும் என்று கொண்டு மரவடிவில் வழிமுறை வரைவோர், இருவேறு ஏடுகளை ஒப்பிட்டு எழுதப்பட்ட கலப்புப் பாடத்தைக் கண்டு இடர்ப்படுவர். மென்பொருளிலும் அவ்விடர் உண்டு.

வேர்டுபிரசு வளர்ந்தமைக்கு அதன் சிறப்பு மட்டும் காரணமன்று. அக்காலத்தில் பெருவழக்காயிருந்த மூவபிள் டைப்பு என்னும் மென்பொருளின் உடைமையாளர் 2004 மே மாதத்தில் 3.0ஆம் பதிப்பிற்குப் புதிய உரிமத்தையும் கட்டணங்களையும் அறிவித்தனர். பயனாளர் பலர் இதுவரை கட்டணமின்றிப் பெற்றதும் தமக்குரியதன்று என்பதை அன்றுதான் உணர்ந்தனர். திரளாக வேர்டுபிரசிற்கு மாறினர். விலையின்மை வேறு, உரிமை வேறு என்று இசுடால்மன் இருபதாண்டுகளாகக் கூறி வந்ததை ஒரு விலைப்பட்டியல் ஒரே நாளில் விளக்கிவிட்டது. மூவபிள் டைப்பு 2007இல் திறந்த மூலப் பதிப்பொன்றை வெளியிட்டு, 2013இல் அதனைக் கைவிட்டது. காலங்கடந்த பணி.

தமிழ் எழுதுவோர்க்கு இவ்வரலாற்றில் நேரடியான ஒரு தொடர்பு உண்டு. அதனை இடைப்பிறவரலாகக் கூறிச் செல்கின்றோம். மைஎசுகியூஎல் தரவுத்தளம் சுவீடன் நாட்டிற் பிறந்தது. ஆகவே வேறு கட்டளை இடாதவழி அது எழுத்துகளை மேலை ஐரோப்பிய இலத்தீன் தொகுதியாகவே கொண்டு, சுவீடிய அகரவரிசையில் ஒழுங்குபடுத்தும். இவ்வியல்பு 2018இல் வெளிவந்த எட்டாம் பதிப்பில்தான் நீங்கிற்று. வேர்டுபிரசும் 2007 மே மாதத்து 2.2ஆம் பதிப்பிலேயே புதிய தளங்கட்கு எழுத்துத் தொகுதியைத் தானே குறிக்கத் தொடங்கிற்று. அதன்முன் தொடங்கப்பட்ட தமிழ்த் தளங்களில், ஒருங்குறியில் எழுதிய தமிழ் இலத்தீன் என்னும் பெயரோடு பெட்டியில் இடப்பட்டது. இடுவோரும் எடுப்போரும் ஒரே தவற்றைச் செய்யுங்காறும் பக்கம் செவ்வனே தோன்றும். தளத்தை வேறு கணினிக்கு மாற்றும் நாளில் உண்மை வெளிப்படும். எம் துறையின் பழைய தளத்தை மாற்றியபொழுது, இருநூறுக்கு மேற்பட்ட கட்டுரைகளில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மும்மூன்று ஐரோப்பியக் குறிகளாகி நின்றதைக் கண்டு யாம் திகைத்தோம். தமிழ்க் குறியொன்று ஒருங்குறியின் வழக்கமான வடிவில் மூன்று எண்ணலகுகளால் ஆவது. அம்மூன்றையும் மூன்று தனி எழுத்துகளாகப் படித்ததன் விளைவே அது. எழுத்துகள் அழியவில்லை, தவறாகப் படிக்கப்பட்டன. இதனை ஆய்வு மாணவர் ஒருவர் மென்பொருளின் மூலத்தைத் திறந்து படித்தே கண்டறிந்தார். இரண்டு நாட்களில் கட்டுரைகள் மீண்டன. மூலம் மூடப்பட்டிருந்தால், விற்றவரை வேண்டிக் காத்திருத்தலன்றி எமக்கு வேறு வழி இருந்திராது. திறந்த மூலத்தைப் பற்றி யாம் கொண்டுள்ள மதிப்பு கொள்கை நூல்களாற் பெற்றதன்று. அவ்விரண்டு நாட்களாற் பெற்றது.

மீண்டும் பெயருக்கு வருவோம். இக்காலத்தில் உலக இணையதளங்களுள் நூற்றுக்கு 40க்கு மேற்பட்டவை வேர்டுபிரசால் இயங்குவனவாகக் கணிக்கப்படுகின்றன. அப்பெயர் முதலில் மல்லன்வெக்கு 2005இல் நிறுவிய ஆட்டோமேட்டிக்கு நிறுவனத்தின் வணிகக்குறியாயிருந்தது. 2010 செப்டம்பரில் அது வேர்டுபிரசு அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டது. மாம்போவின் இடர் இனி நேராது எனப் பலரும் மகிழ்ந்தனர். வணிகத் துறையில் அப்பெயரை வழங்கும் தனியுரிமை அதே வேளையில் ஆட்டோமேட்டிக்கிற்கே திரும்ப அளிக்கப்பட்டிருந்தது. அதனைப் பெரும்பாலோர் கருதவில்லை.

பெயரோடு மற்றொரு பொருளும் இக்காலத்திற் சேர்ந்துகொண்டது. அதனை வாயில் எனக் கூறலாம். 2005இல் ஒருவர் தம் தளத்திற்குத் திருத்தம் வேண்டின், தாமே கோப்பைப் பெற்று இடுவார். பின்னர், தளங்கள் ஒரு நடுவிடத்தைத் தாமே வினவித் திருத்தங்களையும் செருகுநிரல்களையும் பெறும் முறை ஏற்பட்டது. இம்முறையின் இன்றியமையாமைக்குத் துரூபலின் வரலாற்றில் ஒரு கொடிய சான்று உளது. 2014 அக்டோபர் 15ஆம் நாள் அதன் ஏழாம் பதிப்பில் ஒரு பெரும் பிழை அறிவிக்கப்பட்டுத் திருத்தமும் உடன் வெளியிடப்பட்டது. திருத்தம் வெளிவந்த ஏழு மணி நேரத்திற்குள் இடப்படாத தளம் ஒவ்வொன்றும் பகைவர் கைப்பட்டதெனவே கொள்ளல் வேண்டும் என்று அதன் பாதுகாப்புக் குழுவினர் இரு வாரங்கழித்து அறிவித்தனர். மூலம் திறந்திருத்தலின் திருத்தத்தைப் படித்தே பிழை எங்குள்ளதென்று பகைவரும் அறியலாம். ஆகவே திருத்தம் வரும் வாயில் எவர் கையில் உள்ளதோ அவர் கையில் தளத்தின் உயிரும் உள்ளது. பொதுமக்கள் உரிமம் வாயிலைப் பற்றியும் பேசவில்லை.

வேர்டுபிரசின் வாயில் வேர்டுபிரசு ஆர்கு என்னும் முகவரியில் அமைந்தது. அறக்கட்டளைக்கு உரியதென்று பலரால் எண்ணப்பட்ட அம்முகவரி தம் தனியுடைமை என்று மல்லன்வெக்கு பின்னர்த் தெளிவுறுத்தினார். 2024 செப்டம்பர் 20ஆம் நாள் போர்ட்லாந்து நகரத்துக் கூட்டத்தில், வேர்டுபிரசுத் தளங்களுக்கு இடமளித்து வாழும் டபிள்யூபி எஞ்சின் என்னும் நிறுவனத்தை அவர் கடிந்து பேசினார். பொது நிரலால் பெரும்பொருள் ஈட்டியும் அதன் வளர்ச்சிக்குப் போதிய அளவு உதவவில்லை என்பதும், வணிகக்குறியைத் தவறாக வழங்குகின்றது என்பதும் அவர் குற்றச்சாட்டுகள். நிறுவனத்தார் அவற்றை மறுத்தனர். வருவாயில் நூற்றுக்கு 8 பங்கு கேட்கப்பட்டமை பின்னர் வெளியாயிற்று. அம்மாதம் 25ஆம் நாள் அந்நிறுவனத்திற்கு வாயில் அடைக்கப்பட்டது. பூசலிற் பங்கு பெறாத அதன் வாடிக்கையாளரும் திருத்தங்கள் வாராது தவித்தனர். அக்டோபர் 2ஆம் நாள் நிறுவனம் கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கிட்டது.

அக்டோபர் 12ஆம் நாள் நிகழ்ந்தது இவ்வரலாறு முழுவதிலும் முன்னிகழ்வு அற்றது. டபிள்யூபி எஞ்சின் காத்துவந்த, இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட தளங்களிற் பயன்பட்ட செருகுநிரல் ஒன்றன் மூலம் கிளையாக எடுக்கப்பட்டது. மூலத்தைக் கிளைத்தல் உரிமம் இடந்தருவதே, அதிற் குற்றமில்லை. ஆயின், கிளைத்தவர் வேறொரு முகவரிக்குச் செல்லவில்லை. பழைய நிரல் வாயிலில் எந்த இடத்தில் நின்றதோ அவ்விடத்திலேயே புதிய பெயரோடு புதிய நிரல் வைக்கப்பட்டது. எனவே, பழையதை வேண்டி வினவிய தளங்கள் புதியதைப் பெற்றன. மாம்போவில் விலகினார் மூலத்தைக் கொண்டு பெயரை விட்டுச் சென்றனர். ஈங்கோ மூலமும் பெயரும் ஒருங்கே மாற, இடம் மட்டும் மாறாது நின்றது. படிப்போர் இடத்தையே நம்பியிருந்தனர். நூலகத்தில் ஒரு நூலின் எண்ணிட்ட இடத்தில் வேறொருவர் திருத்திய பதிப்பை வைத்துவிட்டால், எண்ணைக் கொண்டு நூல் கேட்பவர் எதனைப் பெறுவார்? இதனைப் பாதுகாப்பின்பொருட்டுச் செய்ததாக அவர்கள் கூறினர். அக்காரணம் ஓரளவு மெய்யாயினும், அதனை அறியாத தளத்தாரின் இசைவின்றி அங்ஙனம் செய்தல் தகாதென்பதே எம் துணிபு.

டிசம்பர் 10ஆம் நாள் நீதிபதி அராசெலி மார்ட்டினெசு ஓல்கின் இடைக்காலத் தடையாணை வழங்கினார். வாயிலை முன்போல் திறந்துவிடவும், செருகுநிரலின் இடத்தை மீளத் தரவும் அவ்வாணை பணித்தது, அவ்வாறே செய்யப்பட்டது. இது வழக்கின் இறுதித் தீர்ப்பன்று.

இப்பூசலினின்றும் மற்றொரு ஜூம்லா பிறக்கும் எனப் பலர் எதிர்பார்த்தனர். அது நிகழவில்லை. கிளைத்தல் வேர்டுபிரசிற்குப் புதியதன்று; 2018இல் அதன் பதிப்பிக்கும் முறை மாறவிருந்தபொழுது, பழைய முறையை விரும்பினார் கிளாசிக்குபிரசு எனக் கிளைத்தனர். துரூபலின் எட்டாம் பதிப்பு எளியோர்க்கு அரிதாயிற்றென்று கருதினார் 2013இல் பேக்குதிராப்பு எனக் கிளைத்தனர். இரண்டும் இன்றும் உள. எனினும் முதனூலின் அளவிற்கு வளரவில்லை. இருபதாண்டுகளில் சேர்ந்த பல்லாயிரம் செருகுநிரல்களையும் வார்ப்புருக்களையும் பெயர் மாற்றி எடுத்துச் செல்லுதல், மாம்போ நிரலை எடுத்துச் சென்றதுபோல் எளிதன்று. 2025 ஜூனில் லினக்சு அறக்கட்டளையின் சார்பில் ஃபேர் என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதனைத் தொடங்கினார் வேர்டுபிரசின் மூலத்தை எடுத்துக்கொண்டு புறப்படவில்லை. புதிய மென்பொருட்பெயர் எதனையும் சூட்டவில்லை. திருத்தங்களும் செருகுநிரல்களும் ஒரே முகவரியினின்றும் வாராமல் பல இடங்களிலிருந்தும் வருமாறு வழி வகுத்தனர். மூலமும் பெயரும் இருந்த இடத்திலேயே இருக்க, இம்முறை கிளைக்கப்பட்டது வாயில்.